நூல் மூட்டையிலிருந்து தொடங்குங்கள்: பின்னலாடைக் குடும்ப நிறுவனங்களுக்கு ஒரு குடோன் வழிகாட்டி

திருப்பூரில் ஒரு குடும்பத்தின் பனியன் கம்பெனி வளர்ந்துவிட்டது என்பதை அதன் வரவு செலவுக் கணக்கைப் பார்க்காமலே சொல்லிவிடலாம். முதலில் வீட்டின் கார் நிறுத்துமிடத்தில் நூல் மூட்டைகள் ஏறும். அடுத்த ஆண்டு சித்தப்பாவின் காலி வீட்டில் துணி ரோல்கள் அடுக்கப்படும். அதற்கடுத்து மூன்று தெருக்களில் மூன்று வாடகைக் குடோன்கள் வந்துவிடும். எந்த ஆர்டருக்கான சரக்கு எங்கே கிடக்கிறது என்பது பழைய சூப்பர்வைசர் ஒருவருக்கு மட்டுமே தெரிந்திருக்கும். அவர் விடுப்பு எடுக்கும் நாளில்தான் "சொந்தமாக ஒரு குடோன் கட்டிவிடலாம்" என்ற பேச்சு வீட்டில் எழும்.

அந்தப் பேச்சு எழுந்த குடும்பங்களுக்காகவே இக்கட்டுரையை எழுதுகிறேன். பத்தாயிரம் சதுர அடி முதல் இருபதாயிரம் சதுர அடி வரையிலான, நூலும் துணியும் முடிந்த ஆடைப் பெட்டிகளும் வைக்கும் குடோனை மனத்தில் கொண்டு எழுதியிருக்கிறேன். எங்கள் குடும்பம் இரண்டு குடோன்களைக் கட்டியது. முதலாவதில் செய்த தவறுகளுக்கு விலை கொடுத்த பிறகு இரண்டாவதைக் கட்டினோம் என்பதால், தவறுகளைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்வேன்.

சரக்கை எண்ணுதல்

பொறியாளரைப் பார்க்கப் போகும் முன் ஒரு மாதத்தை இந்த வேலைக்கு ஒதுக்குங்கள். பெரும்பாலான குடும்பங்கள் "நம்மிடம் இருக்கும் இடத்தில் எவ்வளவு பெரிதாகக் கட்டலாம்" என்ற கேள்வியோடு தொடங்குகின்றன. நிலத்தின் அளவிலிருந்து கட்டடம் பிறந்தால், சரக்கு அந்தக் கட்டடத்துக்குள் எப்படியாவது நுழைந்துகொள்ள வேண்டியதாகிவிடும். சரக்கின் அளவிலிருந்து ராக்கும் (சரக்கை அடுக்கடுக்காக ஏற்றும் இரும்புச் சட்டம்), ராக்கிலிருந்து தரையும் உயரமும், அவற்றிலிருந்து கூரையும் என்ற வரிசையில் கணக்குப் போட வேண்டும்.

பின்னலாடைத் தொழிலில் சரக்கு ஒரே உருவத்தில் இருப்பதில்லை. மில்லிலிருந்து நூலாக வருகிறது. நிட்டிங் முடிந்து, சாயமேற்றாத கிரே துணியாகத் திரும்புகிறது. சாயப்பட்டறைக்குப் போய் வண்ணத் துணியாக வருகிறது. கடைசியில் அட்டைப்பெட்டியாக வெளியேறுகிறது. இவை தவிர பட்டன், எலாஸ்டிக், லேபிள், பாலித்தீன் உறை என்று சில்லறைச் சரக்கு தனியே இருக்கிறது. கடந்த பன்னிரண்டு மாதங்களில் ஒவ்வொரு வகையும் உச்சத்தில் எவ்வளவு இருந்தது என்பதைப் பில் புத்தகத்திலிருந்தும் வேபில்லிலிருந்தும் எடுங்கள். சராசரியை எடுக்காதீர்கள், குடோன் நிரம்பி வழியும் நாளில் சராசரிக் கணக்கு உதவாது.

ஒரு கணக்கைப் போட்டுக் காட்டுகிறேன். உச்ச இருப்பு 60 டன் நூல் என்று வைத்துக்கொள்வோம். 50 கிலோ மூட்டையாக 1,200 மூட்டைகள். 1,200 மி.மீ. நீளமும் 1,000 மி.மீ. அகலமும் கொண்ட பலகைத் தட்டில், அதாவது பேலட்டில், பத்து மூட்டைகளை ஏறத்தாழ நான்கரை அடி உயரத்துக்குச் சிரமமின்றி அடுக்கலாம் என்றால் 120 பேலட்டுகள் வேண்டும். ஒரு பேலட் பிடிப்பது 13 சதுர அடி. 120 பேலட்டுக்கு 1,560 சதுர அடி போதும் என்று தோன்றும். ஆனால் ஒவ்வொரு பேலட்டையும் மற்றொன்றை நகர்த்தாமல் எடுக்க வேண்டுமானால், நடைபாதையும் சேர்த்து 4,000 சதுர அடி அளவுக்குப் போய்விடும். அதையே மூன்றடுக்கு ராக்கில் ஏற்றினால் தேவை ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்காகச் சுருங்கும்.

நடைபாதையின் அகலத்தைத் தீர்மானிப்பது, சரக்கை எடுக்கப் பயன்படுத்தும் வண்டி. கையால் இழுக்கும் பேலட் வண்டிக்கு ஆறேழு அடி போதும். நின்ற இடத்திலிருந்து கையை நீட்டி எடுக்கும் ரீச் டிரக்குக்கு ஒன்பது, ஒன்பதரை அடி வேண்டும். சாதாரண ஃபோர்க்லிஃப்டுக்குப் பதினோரு அடிக்கு மேல் வேண்டும். இன்று கைவண்டிதான் இருக்கிறது, ஐந்தாண்டில் ஃபோர்க்லிஃப்ட் வாங்குவோம் என்றால், இன்றே ஃபோர்க்லிஃப்டுக்கான இடைவெளியை விட்டுவிடுங்கள். தூண்களைப் பின்னால் நகர்த்த முடியாது.

"எங்கள் அப்பா காலத்தில் ராக் ஏது, தரையில் பத்து மூட்டை உயரம் அடுக்கினோம்" என்று வீட்டில் ஒருவர் நிச்சயம் சொல்வார். அப்படி அடுக்கினால் அடி மூட்டையில் நூல் சுற்றியிருக்கும் கோன்கள் நசுங்கும் என்பது ஒரு புறம் இருக்கட்டும். முதலில் வந்த லாட் (மில்லில் ஒரே தொகுதியாகச் செய்த நூல்) அடியிலேயே தங்கி, மேலே இருக்கும் புதிய லாட் முதலில் நிட்டிங்குக்குப் போய்விடும் என்பதுதான் பெரிய கேடு. இரண்டு லாட்டுகள் ஒரே துணியில் கலந்தால் சாயமேற்றிய பிறகு வரி வரியாக நிற வேறுபாடு தெரியும். அந்தத் துணி மொத்தமும் தள்ளுபடிச் சரக்காகிவிடும். ராக்கின் விலையை அந்த நட்டத்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

நிலமும் குடும்பமும்

நிலத்தின் பட்டா, சிட்டா, புலப்படம், முப்பது ஆண்டு வில்லங்கச் சான்று ஆகியவற்றை ஒரு வழக்கறிஞரிடம் கொடுத்துப் பார்க்கச் சொல்வது எல்லோரும் செய்வதுதான். குடும்ப நிறுவனத்தில் அதற்கு மேலும் ஒரு கேள்வி உண்டு. நிலம் பெரியப்பாவின் பெயரிலோ தாத்தாவின் பெயரிலோ இருக்கும். கட்டடத்துக்கான பணம் கம்பெனியிலிருந்து போகும். எல்லோரும் ஒரே வீட்டில் சாப்பிடும் வரை இது யாருக்கும் உறுத்தாது. பாகப்பிரிவினை வரும் நாளில், கம்பெனி கட்டிய கட்டடம் யாருடையது என்ற கேள்விக்குக் காகிதத்தில் விடை இருக்காது.

ஆகவே கடைக்கால் தோண்டும் முன்பே நில உரிமையாளருக்கும் நிறுவனத்துக்கும் இடையில் குத்தகை ஒப்பந்தம் ஒன்றை எழுதிப் பதிவு செய்யுங்கள். ஓராண்டுக்கு மேற்பட்ட குத்தகையைப் பதிவு செய்தே ஆக வேண்டும். குத்தகைக் காலம் வங்கிக் கடனின் காலத்தைவிட நீண்டதாக இருக்கட்டும். காலம் முடிந்தால் கட்டடத்துக்கு என்ன மதிப்புக் கொடுப்பது, யார் கொடுப்பது என்பதும் அதில் இருக்கட்டும். பூர்வீக நிலமாக இருந்தால் வீட்டுப் பெண்களின் கையெழுத்தை மறக்க வேண்டாம். 1989-இல் தமிழ்நாட்டிலும் 2005-இல் நாடு முழுவதற்குமாகவும் வந்த இந்து வாரிசுரிமைச் சட்டத் திருத்தங்களுக்குப் பின், மகளுக்கும் மகனைப் போலவே பங்கு உண்டு. "அக்கா கேட்க மாட்டார்" என்பது உண்மையாகவே இருக்கலாம். வங்கியின் சட்ட அலுவலர் அதை ஏற்க மாட்டார், ஏற்காமலிருப்பதும் சரியே.

நிலத்தை நேரில் பார்க்கும்போது மூன்றைக் கவனியுங்கள். நாற்பதடி கன்டெய்னர் ஏற்றிய டிரெய்லர் பிரதான சாலையிலிருந்து நிலம் வரை திரும்பி வர முடியுமா, நிலத்தின் மேல் உயரழுத்த மின்கம்பி போகிறதா, பக்கத்து வயல்களின் மழைநீர் இதன் வழியாகத்தான் ஓடுகிறதா என்பவை அவை. மூன்றாவதை வெயில் காலத்தில் போய்ப் பார்த்தால் தெரியாது. பக்கத்துத் தோட்டத்து ஆடு மேய்ப்பவரைக் கேட்டால் தெரிந்துவிடும்.

வாஸ்துவைப் பற்றியும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். உங்கள் வீட்டில் அதைப் பார்ப்பார்கள் என்றால், பார்ப்பவரை வரைபடம் போடும் முன்பே அழைத்துவிடுங்கள். கன்னி மூலையில் கனமான சரக்கு, ஈசானியத்தில் தண்ணீர்த் தொட்டி என்று சொல்வதைப் பெரும்பாலும் எளிதாகப் பொருத்திவிடலாம். கடைக்கால் போட்ட பிறகு வாசலைத் திருப்பச் சொன்னால்தான் பணம் போகிறது.

மண்ணும் தரையும்

குடோன் கட்டுவோர் விலை பேசும் நேரத்தில் முக்கால் பங்கைக் கூரைக்கும் ஷீட்டுக்கும் செலவிடுகிறார்கள். கட்டி முடித்து ஐந்தாண்டு கழித்து அவர்களைக் கேட்டுப் பாருங்கள். குறை சொல்வது தரையைப் பற்றியே இருக்கும். கூரை ஒழுகினால் ஒரு நாளில் அடைக்கலாம். தரை அமிழ்ந்தால் குடோனைக் காலி செய்ய வேண்டும்.

எங்கள் முதல் குடோனில் நடந்தது இதுதான். லாரியின் தள மட்டத்துக்குத் தரை வர வேண்டும் என்பதால் ஏறத்தாழ மூன்றரை அடி மண் நிரப்ப வேண்டியிருந்தது. பத்தாயிரம் சதுர அடிக்கு அது 35,000 கன அடி, அதாவது 350 யூனிட். அழுத்தினால் சுருங்கும் என்பதையும் சேர்த்தால், நான்கு யூனிட் டிப்பரில் நூற்றுக்கும் மேற்பட்ட நடைகள். ஒப்பந்தக்காரர் மண்ணை முழு உயரத்துக்கும் கொட்டி, தண்ணீர் பாய்ச்சி, மேலே மட்டும் ரோலர் ஓட்டினார். "ஒரு மழை பெய்தால் தானாக இறுகிவிடும்" என்றார். நாங்களும் தலையாட்டினோம். இரண்டாவது மழைக்காலம் முடிந்தபோது, சும்மா நிறுத்தி வைத்திருந்த கைவண்டி தானாகவே நடுப்பகுதியை நோக்கி மெல்ல உருண்டு போவதை லோடுமேன் ஒருவர் கவனித்தார். நூல் பிடித்துப் பார்த்ததில் நடுத்தரை ஓர் அங்குலத்துக்கு மேல் இறங்கியிருந்தது. அங்கிருந்த ராக் வரிசை முன்பக்கம் சாய்ந்து நின்றது. இரண்டு வரிசைகளைக் காலி செய்து, தரையை உடைத்து, மண்ணை எடுத்து மீண்டும் அழுத்திக் கான்கிரீட் போட்டோம். சீசன் நேரத்தில் சரக்கை மறுபடியும் வாடகைக் குடோனுக்குக் கொண்டுபோனது தனிக் கதை.

சரியான முறை கடினமானதன்று. பொறுமையை மட்டுமே கேட்கிறது. நிரப்பு மண்ணை 20 முதல் 25 செ.மீ. அடுக்காகப் பரப்பி, அளவாக ஈரமாக்கி, அதிர்வு ரோலரால் அழுத்தி, ஒவ்வொரு அடுக்கிலும் அடர்த்திச் சோதனை எடுத்த பிறகே அடுத்த அடுக்கைப் போட வேண்டும். ஆய்வகத்தில் கிடைக்கும் உச்ச அடர்த்தியில் 95 விழுக்காடு வர வேண்டும் என்பது பொதுவான அளவுகோல். ஒப்பந்தத்தில் இதை எழுதியிருந்தால்தான் செய்வார்கள்.

அடியில் இருக்கும் இயற்கை மண்ணும் முக்கியம். எங்கள் வட்டாரத்தில் செம்மண்ணும் கரிசலும் அடுத்தடுத்த தோட்டங்களிலேயே மாறி மாறி வரும். கரிசல் மழையில் உப்பி, வெயிலில் சுருங்கி வெடிக்கும். அதன் மேல் கிராவலைக் கொட்டித் தரை போட்டால், ஆண்டுக்கு இரு முறை தரையும் அதனோடு மூச்சு விடும். நான்கு மூலையிலும் நடுவிலும் துளையிட்டு மண் பரிசோதனை செய்யுங்கள். கட்டடச் செலவின் முன் அதன் கட்டணம் கண்ணுக்கே தெரியாது. கரிசல் இருந்தால் எவ்வளவு ஆழத்துக்கு அகற்ற வேண்டும் என்பதை அந்த அறிக்கையைப் பார்த்து அமைப்புப் பொறியாளர் சொல்வார்.

இனி கான்கிரீட். மேலே சொன்ன 500 கிலோ பேலட் கணக்கில், ஒரு ராக் பகுதியின் ஒவ்வோர் அடுக்கிலும் இரண்டு பேலட் வைத்தால், கீழ் அடுக்கு தரையிலேயே நின்றாலும் உள்வரிசைக் கால் ஒவ்வொன்றும் ஒரு டன்னைத் தாங்குகிறது. அந்த ஒரு டன் உள்ளங்கை அளவே உள்ள இரும்புத் தகட்டின் வழியாகத் தரையில் இறங்குகிறது. "கனமான தரை போட்டுக் கொடுங்கள்" என்று சொன்னால் போதாது. கால் சுமை எவ்வளவு, கால்கள் எங்கே நிற்கும், எந்த வண்டி ஓடும் என்பதை எழுதிக் கொடுங்கள். இத்தகைய குடோனுக்கு எம்-25 அல்லது எம்-30 தரத்தில் 150 மி.மீ. தடிமனிலிருந்து பேச்சு தொடங்கும். ஃபோர்க்லிஃப்ட் வந்தால் கூடும்.

கான்கிரீட்டுக்கு அடியில் தடிமனான பாலித்தீன் விரிப்பைக் கட்டாயம் போடச் சொல்லுங்கள். இல்லையேல் மண்ணின் ஈரம் மேலேறி அட்டைப்பெட்டியின் அடிப்பாகத்தை நனைக்கும். நீரை உறிஞ்சி மேற்பரப்பைத் தேய்க்கும் டிரிமிக்ஸ் முறையும், மேலே தூவித் தேய்க்கும் ஹார்டனரும் தூசி எழாத தரையைத் தரும். வெள்ளைத் துணி வைப்பவர்களுக்கு இது அலங்காரச் செலவாகாது. கான்கிரீட் போட்ட ஒரு நாளுக்குள், தடிமனில் நான்கில் ஒரு பங்கு முதல் மூன்றில் ஒரு பங்கு ஆழத்துக்கு, நான்கு நான்கரை மீட்டர் இடைவெளியில் வெட்டுக் கோடுகள் போட வேண்டும். கான்கிரீட் எப்படியும் வெடிக்கும். எங்கே வெடிக்க வேண்டும் என்று நாம் கோடு போட்டுச் சொல்வதுதான் அந்த வெட்டு. ஞாயிற்றுக்கிழமை வெட்டும் இயந்திரக்காரர் வரமாட்டார் என்பதால் சனிக்கிழமை கான்கிரீட் போடாதீர்கள். ராக்கின் கால் இந்தக் கோட்டின் மேல் விழாதபடி ராக் வரைபடத்தையும் வெட்டு வரைபடத்தையும் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள். நீராற்றுதல் முறையாக முடிந்து, 28 நாள் கழியும் வரை ராக் நிறுத்தும் ஆசையை அடக்கிவையுங்கள்.

அனுமதிகள்

தமிழ்நாட்டில் கட்டடங்களுக்கு 2019-ஆம் ஆண்டின் ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகள் பொருந்தும். பக்க இடைவெளி, சாலை அகலம், வாகன நிறுத்துமிடம் எல்லாம் அதன்படிதான். ஊராட்சித் தலைவரிடம் ஒரு கையெழுத்து வாங்கிக் கட்டிய காலத்தை நினைத்துக்கொண்டு யாராவது அறிவுரை சொன்னால் கேட்டுக்கொண்டு விட்டுவிடுங்கள். கட்டடத்தின் அளவையும் இடத்தையும் பொறுத்து, டி.டி.சி.பி. என்று வழங்கும் நகர் ஊரமைப்பு இயக்ககத்தின் ஒப்புதலும், நிலம் விவசாய வகைப்பாட்டில் இருந்தால் அதன் மாற்றமும் தேவைப்படும். தீயணைப்புத் துறையின் தடையின்மைச் சான்றை வரைபட நிலையிலேயே பேசத் தொடங்குங்கள். தண்ணீர்த் தொட்டியின் அளவும் வண்டி சுற்றிவரும் பாதையும் அங்கேதான் முடிவாகும்.

புதியவர்கள் தவறவிடும் ஒன்று உண்டு. 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டம் உற்பத்திச் செயல்முறை என்பதற்குத் தந்த வரையறையில் பொருளைப் பொட்டலமிடுவதும் அடக்கம். குடோனின் ஒரு மூலையில் இருபது பெண்களை உட்காரவைத்துச் செக்கிங்கும் பேக்கிங்கும் நடத்தினால் அது வெறும் குடோன் என்று வாதிட முடியாது. அப்படிச் செய்யப்போகிறீர்கள் என்றால், தொழிலகப் பாதுகாப்பு மற்றும் சுகாதார இயக்ககத்துக்கான வரைபடத்தைத் தொடக்கத்திலேயே போட்டு, காற்று, வெளிச்சம், கழிப்பறை, அவசர வழி எல்லாவற்றையும் தொழிற்சாலையின் அளவில் கொடுத்துவிடுங்கள். சிட்கோ, சிப்காட் தொழிற்பேட்டைகளில் மனை கிடைத்தால் நில வகைப்பாட்டுத் தலைவலி இருக்காது. ஆனால் உங்கள் நிட்டிங் யூனிட்டிலிருந்து எவ்வளவு தூரம் என்பதைப் பாருங்கள்.

சட்டகமும் கூரையும்

முன்கூட்டியே ஆலையில் செய்து கொண்டுவந்து பூட்டும் பி.இ.பி. கட்டடம், முக்கோண இரும்புச் சட்டங்களால் கூரையைத் தாங்கும், உள்ளூர் ஃபேப்ரிகேட்டர் கட்டும் டிரஸ் ஷெட் ஆகிய இரண்டில் ஒன்றை நீங்கள் தேர்ந்தெடுக்க வேண்டியிருக்கும். எண்பதடி அகலத்தை நடுத்தூண் இல்லாமல் தாண்ட வேண்டும், ஆண்டுக்குள் முடிய வேண்டும் என்றால் பி.இ.பி. வசதி. நாற்பது ஐம்பதடி அகலத்துக்கு நம்பகமான உள்ளூர்க்காரர் கட்டும் டிரஸ் ஷெட்டும் குறைந்ததில்லை. எதுவானாலும் வடிவமைப்புக் கணக்கில் பொறியாளரின் கையெழுத்து இருக்க வேண்டும்.

விலைப்புள்ளிகளை ஒப்பிடும்போது சதுர அடி விலையை மட்டும் பார்க்காதீர்கள். எந்தக் காற்று வேகத்துக்கு வடிவமைத்தீர்கள் என்று கேளுங்கள். ஐ.எஸ். 875 என்ற இந்தியத் தரக்குறியீட்டின் மூன்றாம் பகுதியில் கோவைக்கு அடிப்படைக் காற்று வேகம் நொடிக்கு 39 மீட்டர், சென்னைக்கு 50 மீட்டர். அழுத்தம் வேகத்தின் வர்க்கத்தோடு கூடுவதால், சென்னைக் கூரையின் மீது ஏறத்தாழ 1.6 மடங்கு அழுத்தம் விழும். சென்னைக்குச் செய்த வடிவமைப்பை இங்கே போட்டால் உங்கள் பணம் வீண். இங்குச் செய்ததைக் கும்மிடிப்பூண்டியில் போட்டால் கூரையே வீண். எங்கள் பக்கம் புயல் அரிது என்றாலும், பாலக்காட்டுக் கணவாய் வழியே வரும் காற்றைப் பற்றி "ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும்" என்று பெரியவர்கள் சும்மா சொல்லவில்லை. உடுமலைப் பக்கத்துக் காற்றாலைகளே சாட்சி. ஷீட்டின் மேல்மடிப்பு மேற்கிலிருந்து வரும் காற்றுக்கு வாய் திறந்திராதபடி ஷீட் போடும் திசையைத் தீர்மானியுங்கள். பெரிய வாசலை மேற்கில் வைக்காதீர்கள். தூசியும் தென்மேற்குச் சாரலும் அதன் வழியேதான் வரும்.

ஷீட்டின் தடிமனில் ஒரு சிறு நுணுக்கம் உண்டு. 0.50 மி.மீ. என்று சொல்வது பூச்சையும் சேர்த்த மொத்தத் தடிமனாக இருந்தால், உள்ளே இருக்கும் எஃகு 0.45 மி.மீ. அளவுதான். இரண்டு கம்பெனிகளின் விலை வேறுபாட்டுக்கு இதுவே காரணமாக இருக்கக்கூடும். உயரத்திலும் அப்படியே. விலைப்புள்ளியில் இருக்கும் உயரம் சுவரோரத்துக் கூரை விளிம்பின் உயரம். தூணும் சாய்வு உத்தரமும் சேரும் இடத்தில் இரண்டு இரண்டரை அடி இரும்பே தின்றுவிடும். உங்களுக்கு வேண்டியது உத்தரத்துக்குக் கீழ் கிடைக்கும் உயரம். மூன்றடுக்கு ராக்கும் அதன் மேல் தீயணைப்புக் குழாய்க்கான ஒன்றரை அடி இடைவெளியும் அதற்குள் வர வேண்டும். இன்னும் சில ஆண்டுகளில் சோலார் பலகை போடும் எண்ணம் இருந்தால், சதுர மீட்டருக்குப் பதினைந்து கிலோ கூடுதல் சுமையை இப்போதே கணக்கில் சேர்க்கச் சொல்லுங்கள்.

மழைநீருக்கும் ஒரு கணக்கு உண்டு. பத்தாயிரம் சதுர அடிக் கூரையில் ஓர் அங்குல மழை பெய்தால் ஏறத்தாழ 23,600 லிட்டர் தண்ணீர் இறங்கும். ஐப்பசியில் இதுவே ஒரு மணி நேரத்தில் பெய்துவிடும். இரண்டு கூரைகளை ஒட்டவைத்து நடுவில் வாய்க்கால் விடும் அமைப்பை முடிந்தவரை தவிர்த்துவிடுங்கள். அந்த வாய்க்காலில் வேப்பிலை அடைத்துக்கொண்டால் தண்ணீர் நேரே சரக்கின் மேல் விழும். தென்மாவட்டங்களில் கட்டுபவர்கள் தரை மட்டத்தை இன்னும் கவனமாகத் தீர்மானிக்க வேண்டும். 2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 செ.மீ. மழை பெய்தது.

வெப்பத்தைப் பற்றியும் ஒரு சொல். பருத்தி நூலின் வணிக எடை 8.5 விழுக்காடு ஈரத்தைக் கணக்கிட்டது. சித்திரை வெயிலில் வெறும் ஷீட்டுக்கு அடியில் உறை பிரிந்து கிடக்கும் 50 கிலோ மூட்டை இரண்டு விழுக்காடு ஈரத்தை இழந்தால், எடையில் ஏறத்தாழ 900 கிராம் குறையும். உலர்ந்த நூல் நிட்டிங்கில் அறுந்து தொல்லை கொடுக்கும். ஷீட்டுக்குக் கீழ் வெப்பத்தடுப்பு விரிப்பைப் போடுங்கள். வெளிச்சத்துக்கான பாலிகார்பனேட் ஷீட்டுகள் நடைபாதைக்கு மேல் வரட்டும். நாள் முழுதும் வெயில் படும் வெள்ளைத் துணி பழுத்துவிடும்.

லாரி வரும் பக்கம்

தூத்துக்குடித் துறைமுகத்துக்குப் போகும் நாற்பதடி கன்டெய்னர் டிரெய்லர் பின்னோக்கி வந்து மேடையில் சேர, மேடைக்கு முன்னால் 110 முதல் 130 அடி வரை திறந்த இடம் வேண்டும். இதைக் கட்டடத்துக்குள் சேர்த்துக்கொள்ள எல்லோருக்கும் ஆசை வரும். இடம் குறைந்தால் டிரைவர் சாலையிலேயே நிறுத்திவிடுவார். பெட்டிகளை ஆள் வைத்துத் தூக்க வேண்டியதுதான். மேடை நான்கடி உயரம் பெரும்பாலான வண்டிகளுக்குப் பொருந்தும். மீதி வேறுபாட்டுக்கு இரும்புச் சாய்வுத் தட்டு ஒன்றை வாங்கிக்கொள்ளுங்கள். தரையை உயர்த்தாமல் லாரி நிற்கும் இடத்தைத் தோண்டிப் பள்ளமாக்குவது மலிவு என்பார்கள். முதல் மழையில் அது குளமாகிவிடும் என்பதால் நான் அதற்கு எதிரானவன். மேடைக்கு மேல் பன்னிரண்டு அடிக்காவது நீண்ட கூரை வேண்டும். நூல் வந்து இறங்கும் வாசலும் பெட்டி வெளியேறும் வாசலும் தனித்தனியாக இருந்தால், மாலை நேரத்து நெரிசல் பாதியாகும்.

தீ

பருத்தியில் பிடித்த தீ மேலே அணைந்தாலும் மூட்டையின் உள்ளே புகைந்துகொண்டே இருந்து மறுநாள் மீண்டும் எழும். ஆகவே தொடங்கவிடாமல் தடுப்பதற்கே முதலிடம். மின் பலகையை சரக்கு இருக்கும் அறைக்கு வெளியே வையுங்கள். விளக்குகள் நடைபாதைக்கு நேர்மேலே வரட்டும், அடுக்குக்கு மேலே வேண்டாம். பேட்டரி ஃபோர்க்லிஃப்டின் சார்ஜ் இடம் காற்றோட்டத்தோடு தனியாக இருக்க வேண்டும். சுவருக்கும் சரக்குக்கும் இடையில் இரண்டடி விட்டால் ஆளும் போகலாம், எலியும் கண்ணில் படும். சரக்கு ஏறிய பிறகு உள்ளே வெல்டிங் வேலை எதையும் அனுமதிக்காதீர்கள். "ஒரு கொக்கி மட்டும்" என்று தொடங்கும் வேலைதான் ஆபத்து. காப்பீட்டுப் பாலிசியில் புதிய குடோனின் முகவரியும் உச்ச இருப்பின் மதிப்பும் சரக்கு நகரும் நாளுக்கு முன்பே ஏறியிருக்க வேண்டும். பழைய முகவரியில் இருக்கும் பாலிசி புதிய இடத்துத் தீக்குப் பணம் தராது.

பணம்

பி.இ.பி. விலைப்புள்ளியைக் கட்டடத்தின் மொத்தச் செலவு என்று நினைத்து வங்கிக்குப் போகாதீர்கள். மண் நிரப்பல், தரை, முற்றம், தீயணைப்பு, மின் இணைப்பு, ராக் எல்லாம் அதற்கு வெளியே இருக்கின்றன. கட்டட வேலைக்குக் கட்டிய ஜி.எஸ்.டி.யை உள்ளீட்டு வரியாகப் பொதுவாகத் திரும்ப எடுக்க முடியாது. 2025 நிதிச் சட்டத்தின் திருத்தம் இதில் இருந்த இடைவெளியையும் முன்தேதியிட்டு அடைத்துவிட்டது. ராக், ஃபோர்க்லிஃப்ட் போன்றவற்றுக்கு எடுக்கலாம் என்பதால், அவற்றைக் கட்டட ஒப்பந்தத்தோடு சேர்த்து ஒரே பில்லாக வாங்காதீர்கள். ஆடிட்டரை ஒப்பந்தம் போடும் முன்பே கேளுங்கள். புதிய குடோனை ஜி.எஸ்.டி. பதிவில் கூடுதல் வணிக இடமாகச் சேர்ப்பதும் அவரிடம் ஒப்படைக்க வேண்டிய வேலை. குடோன் கட்டினால் சிறு, குறு நிறுவனத் தகுதி போய்விடுமோ என்று சிலர் அஞ்சுவதுண்டு. அந்த முதலீட்டு வரம்பில் நிலமும் கட்டடமும் சேராது. ஒப்பந்தக்காரருக்கான தொகையில் ஒரு பகுதியை முதல் மழைக்காலம் முடியும் வரை நிறுத்திவைக்கும் நிபந்தனையைக் கட்டாயம் எழுதிக்கொள்ளுங்கள்.

குடிபுகுதல்

பால் காய்ச்சிய மறுநாளே மூன்று வாடகைக் குடோன்களையும் ஒரே மூச்சில் காலி செய்யத் தோன்றும். ராக்கின் ஒவ்வொரு அறைக்கும் வரிசை, பகுதி, அடுக்கு என்ற முறையில் எண்ணை எழுதி, தாங்கும் சுமையைப் பலகையில் மாட்டி, கணினியில் ஏற்றிய பிறகே முதல் மூட்டை உள்ளே வரட்டும். ஒவ்வொரு குடோனாகக் காலி செய்யுங்கள். காலி செய்யும்போதே எண்ணி, லாட் எண்ணோடு பதியுங்கள். எங்கள் வீட்டில் அப்படி எண்ணியபோது, நான்கு ஆண்டுக்கு முன் ரத்தான ஓர் ஆர்டரின் எலாஸ்டிக் ரோல்கள் பதினாறு பெட்டிகள் கிடைத்தன. அதற்கு நாங்கள் மாதந்தோறும் வாடகை கட்டிக்கொண்டிருந்தோம். சாவி யாரிடம் இருக்கும், அவர் இல்லாதபோது யாரிடம் என்பதையும் அன்றே முடிவு செய்துவிடுங்கள். அண்ணனிடம் ஒன்று, தம்பியிடம் ஒன்று, மாமாவிடம் ஒன்று என்று போனால் இருப்புக் கணக்கு எவரிடமும் இருக்காது.

ஒரு மாதம் கழித்து ராக்கின் தரைப் போல்ட்டுகளை ஒருமுறை இறுக்கச் சொல்லுங்கள். முதல் பெரிய மழை பெய்யும்போது, இரவானாலும், டார்ச்சும் சாக்பீஸும் எடுத்துக்கொண்டு குடோனுக்குள் ஒரு சுற்று வாருங்கள். சொட்டு விழும் ஒவ்வோர் இடத்திலும் தரையில் ஒரு வட்டம் போட்டு எண் கொடுங்கள். வெயில் வந்த பிறகு கூரையில் ஏறுபவருக்கு எந்தத் திருகாணி என்று தேட வேண்டியிருக்காது.